புதிய டேகர்போர்டைத் தண்ணீரில் சோதிப்பது எப்படி: பாய் கட்டிய சிறு கயாக்குக்கு முழுமையான வழிகாட்டி

டேகர்போர்டு என்பது, பாய்ப்படகு காற்றில் பக்கவாட்டில் நழுவாமலிருக்க, படகின் நடுவிலுள்ள பெட்டி வழியாகத் தண்ணீருக்குள் செங்குத்தாக இறக்கும் பலகை. "புதிய பலகையை இறக்கினேன், படகு பறக்கிறது" என்று சொல்கிறவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, பழைய பலகை எங்கே என்பதுதான். வீட்டில் இருக்கிறது என்பார். அப்படியானால் அன்று ஏரியில் நடந்தது உலா. சோதனை இன்னும் நடக்கவில்லை. அன்றைய காற்று நல்ல காற்றாக இருந்திருக்கலாம். எதோடும் ஒப்பிடாமல் எது மேல் என்று யாராலும் சொல்ல முடியாது.

வேலூரைச் சுற்றியுள்ள ஏரிகளில் பாய் கட்டிக் கயாக் ஓட்டுகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். அவர்களில் சிலருக்குப் பலகை மாற்ற உதவியிருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழுவது ஏறக்குறைய ஒரே இடங்களில்தான். அந்த இடங்களைக் கணக்கில் வைத்தே கீழே உள்ள வரிசையை அமைத்திருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள், கரையில் செய்ய வேண்டியதைத் தண்ணீரில் செய்யப்போனால் நாள் முழுக்க வீண்.

அளவுகள் என் படகுடையவை. பாய் 2.5 சதுர மீட்டர். பழைய பலகை 18 மில்லிமீட்டர் தட்டையான பிளைவுட், 20 சென்டிமீட்டர் அகலம், படகின் அடிக்குக் கீழே 45 சென்டிமீட்டர் இறங்கும். புதியது அதே அகலம், 20 மில்லிமீட்டர் தடிமன், கீழே 62 சென்டிமீட்டர். தண்ணீருக்குள் இருக்கும் பலகையின் பரப்பு பாயின் பரப்பில் 4 முதல் 5 சதவீதம் இருப்பது சிறு படகுக்கு நல்ல தொடக்கம். பழையது 3.6 சதவீதம், புதியது ஏறக்குறைய 5. உங்கள் படகின் அளவுகளைப் போட்டு இந்தக் கணக்கை முதலில் செய்துவிடுங்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

பழைய பலகை. இதை முதலில் வண்டியில் ஏற்றுங்கள்; மறப்பதும் இதைத்தான்.

உயிர்காப்பு உடை, துடுப்பு, தண்ணீர் இறைக்க ஒரு குவளை, விசில். நீந்தத் தெரிந்த ஒருவர் கரையிலோ இன்னொரு படகிலோ இருக்க வேண்டும். இந்தச் சோதனையின் நடுவில் படகை வேண்டுமென்றே கவிழ்க்கப்போகிறோம், ஆகவே தனியாக இதைச் செய்ய வேண்டாம்.

நீர்புகாப் பையில் ஜி.பி.எஸ். பதிவு ஓடும் கைப்பேசி. மிதவைக்கு ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன்கள் இரண்டு, அவற்றைக் கட்ட நைலான் கயிறு, நங்கூரத்துக்குச் செங்கல். பள்ளிப் பிள்ளைகளின் ஜியோமெட்ரி பெட்டியிலிருந்து ஒரு கோணமானி. பதினைந்து மீட்டர் மீன்பிடி நரம்பு, அதன் நுனியில் கட்ட ஒரு சிறு ஈயக்குண்டு. நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், நனைந்த விரலில் எழுதாது.

2. வடிவத்தை அட்டையால் சரிபாருங்கள்

தட்டைப் பலகையும் பக்கவாட்டு விசை தரும். ஆனால் படகு சற்று நழுவியதுமே தண்ணீர் அதன் முதுகிலிருந்து விலகிவிடும், பிடிப்பு போய்விடும். இறக்கை வடிவத்தில் இழைத்த பலகையில் தண்ணீர் ஒட்டியே ஓடும். மேம்படுத்துவது என்றால் பெரும்பாலும் இதுதான்: ஆழம் கொஞ்சம், வடிவம் மிச்சம்.

நான் எடுத்தது நாக்கா (NACA) 0010 என்ற இறக்கை வடிவம். இரு பக்கமும் சமம், அகலத்தில் பத்து சதவீதத் தடிமன். 20 சென்டிமீட்டர் அகலப் பலகைக்கு முன்விளிம்பிலிருந்து 1 சென்டிமீட்டரில் மொத்தத் தடிமன் 11.8 மில்லிமீட்டர், 2-இல் 15.6, 6-இல் 20, 10-இல் 17.6, 14-இல் 12.2, 18-இல் 4.8. அதிகபட்சத் தடிமன் நடுவில் வராது, முன்பக்கத்திலிருந்து முப்பது சதவீதத்தில் வரும். ஆசாரியிடம் வாயால் சொன்னால் நடுவில் பருத்த மீனைத்தான் இழைத்துக் கொடுப்பார். அது அவர் குற்றமும் இல்லை. ஒரு பக்கத்தின் வளைவை, அதாவது இந்த அளவுகளில் பாதியை, அட்டையில் வரைந்து வெட்டிக் கொடுத்துவிடுங்கள்.

அதே அட்டையை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் இரு பக்கமும் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வெளிச்சம் தெரிந்தால் காற்றை எதிர்த்துப் படகு ஒரு பக்கமாக ஏறும்போது ஒரு குணம், மறுபக்கம் ஏறும்போது வேறு குணம் என்று நடந்துகொள்ளும். அந்தக் குறையை ஏரியில் பாயின் மீது போட்டுப் பாயை நாள் முழுக்கத் திருத்திக்கொண்டிருந்தவரை எனக்குத் தெரியும்.

பின்விளிம்பைக் கத்திபோல் தீட்ட வேண்டாம். இரண்டு மில்லிமீட்டர் கனம் விட்டு, சதுரமாக நிறுத்துங்கள். கத்தி முனை முதல் கல்லிலேயே சிதறும்.

3. மணல் மூட்டைச் சோதனை

மணிக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேலான காற்றில் 2.5 சதுர மீட்டர் பாய் பலகையின் மேல் ஏற்றும் பக்கச் சுமை ஏழு கிலோ அளவில் இருக்கும். காற்றின் வேகம் இரட்டித்தால் சுமை நான்கு மடங்கு. ஆகவே மும்மடங்கு வைத்துப் பார்ப்பது நியாயம்.

பலகையின் தலைப்பகுதியை, பெட்டிக்குள் இருக்கும் நீளம் மட்டும், மேசை விளிம்பில் இரண்டு சி-கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். மீதி 62 சென்டிமீட்டர் வெளியே நீண்டிருக்கட்டும். நீண்ட பகுதியின் நடுவில் 20 கிலோ மணல் மூட்டையைத் தொங்கவிடுங்கள். நுனி ஒரு சென்டிமீட்டர் வரை தாழ்ந்தால் கவலை இல்லை. இரண்டைத் தாண்டினால் பலகை மெலிது. மூட்டையை எடுத்ததும் நுனி பழைய இடத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் உள்ளே பசை விட்டிருக்கிறது. பலகையைத் திருப்பிப் போட்டு மறுபக்கமும் இதையே செய்யுங்கள்.

மூட்டை தொங்கும்போது காதைப் பலகைக்கு அருகில் வையுங்கள். மெல்லிய "டிக்" சத்தம் கேட்டால் நிறுத்திவிடுங்கள். கண்ணாடி இழைத் துணிக்கும் மரத்துக்கும் நடுவே எப்பாக்ஸிப் பசை சேராத இடத்தில் அந்தச் சத்தம் வரும். விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். முலாம்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, உள்ளே ஒட்டாமல் விட்ட இடம் வேறு ஒலி தரும்.

கவிழ்ந்த படகை நிமிர்த்தப் பலகையின் மேல் ஏறி நிற்கிறோமே, அந்தச் சுமை இதைவிடப் பெரிது. எழுபது கிலோ ஆள் நுனியில் நின்றால் இந்தத் தடிமனில் எந்த மரமும் தாங்கும் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். படகின் அடியை ஒட்டி, ஒரு சாண் தூரத்துக்குள் நின்றால் தாங்கும். அந்த ஒரு சாண் இடத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கவிழ்ந்த பதற்றத்தில் யாருக்கும் கணக்கு நினைவுக்கு வராது. கோடு கண்ணில் படும்.

4. ஓர் இரவு ஊறட்டும்

பலகையைச் சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் கல் வைத்து அமுக்கி ஓர் இரவு மூழ்கடியுங்கள். காலையில் துணியால் துடைத்து, நிழலில் அரை மணி நேரம் வைத்து, மறுபடி எடை. பத்து கிராமுக்குள் ஏறியிருந்தால் மேற்பரப்பு ஈரம். முப்பதைத் தாண்டினால் எங்கோ ஓட்டை இருக்கிறது. பெரும்பாலும் கைப்பிடிக்குத் துளைத்த இடத்தில், அல்லது கீழ் நுனியில் மரத்தின் வெட்டுவாய் தெரியும் இடத்தில்.

ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் என்றாலும் இந்தப் படியைத் தாண்ட வேண்டாம். தண்ணீரைத் தாங்குவது அதன் பசை. அதிலுள்ள மரம் எந்த மரத்தையும் போல ஊறத்தான் செய்யும்.

பெட்டியில் பொருத்திப் பார்ப்பதை இதற்கு முன் செய்யாமல் பின்னால் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. உலர்ந்த பலகை வழுக்கிக்கொண்டு இறங்கும். ஊறிய பலகைதான் நடு ஏரியில் மாட்டிக்கொள்ளும்.

5. பெட்டிக்குள் பொருத்தம்

என் படகில் பலகை இறங்கும் பெட்டியின் வாய் 22 மில்லிமீட்டர். பலகை 20. ஒரு பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் இடைவெளி, அதை மெல்லிய பட்டை ஒட்டி நிரப்ப வேண்டும். இடைவெளியை அப்படியே விட்டால் ஒவ்வொரு அலைக்கும் பலகை கடகடவென்று அடித்து, சில நாட்களில் பெட்டியின் கீழ் மூலையில் விரிசல் விழும்.

இங்கே நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூர்ப் பக்கம் தோல் துண்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன, மென்மையாகவும் இருக்கின்றன என்று பெட்டியின் உட்புறம் தோல் பட்டை ஒட்டினேன். கரையில் அருமையாக இருந்தது. தண்ணீரில் ஒரு மணி நேரத்தில் தோல் ஊறிப் பருத்து, பலகையை இரும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டது. பலகை இறங்கிய நிலையிலேயே கரைக்கு வர முடியாமல், இடுப்பளவு தண்ணீரில் படகைக் கவிழ்த்துப் போட்டு, அடியிலிருந்து காலால் உதைத்து ஏற்றினேன். இப்போது செருப்பின் அடிப்பகுதிக்குப் போடும் ஈ.வி.ஏ. தாளில் மெலிந்ததை ஒட்டுகிறேன். அதே கடைவீதிகளில் கிடைக்கிறது, தண்ணீர் குடிப்பதில்லை.

இறக்கை வடிவத்தைப் பலகை முழுக்க இழைத்துவிடாதீர்கள். முழுதாக இறக்கியபின் பெட்டிக்குள் நிற்கும் பகுதி, என் படகில் 28 சென்டிமீட்டர், தட்டையாகவே இருக்க வேண்டும். பெட்டி பிடித்துக்கொள்ள அந்தத் தட்டைதான் வேண்டும். பாதி ஏற்றிய நிலையில் வளைந்த பகுதி பெட்டிக்குள் வரும்; அப்போது கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டத்தைக் குறை என்று எண்ணி இறுக்கப்போக வேண்டாம்.

இனி யாரும் அளக்காத ஓர் அளவு. பலகையை முழுதும் மேலே தூக்கினால் தளத்துக்கு மேல் எவ்வளவு நீட்டுகிறது? பழையது எனக்கு 50 சென்டிமீட்டர் நீட்டியது. பாயின் அடிக்கழி 55-இல் போகிறது, தொடாமல் போனது. புதியது 67 நீட்டும். படகைத் திருப்பும்போது கழி வந்து பலகையில் இடித்து நின்றால் பாய் பாதி வழியில் மாட்டிக்கொள்ளும், அடுத்த மூச்சில் நீங்கள் தண்ணீரில் இருப்பீர்கள். அதனால் பலகையில் மூன்று கோடுகள் போடுங்கள்: முழு இறக்கம், பாதி, "இதற்கு மேல் தூக்காதே". கரையில் பாயை விரித்து, கழியைக் கையால் இரு பக்கமும் தள்ளி, மூன்றாவது கோட்டைச் சரிபாருங்கள்.

மரப்பலகை மிதக்கும். தானாக மேலே வராமலிருக்க, பைக்கில் மூட்டை கட்டும் கொக்கி வைத்த ரப்பர் கயிற்றைத் தலைக்கு மேல் போட்டு இறுக்குங்கள். கூடவே பலகைக்கும் படகுக்கும் ஒரு நீளக் கயிறு. கவிழ்ந்தால் பலகை நழுவி வெளியேறிவிடும். பலகை இல்லாமல் படகை நிமிர்த்துவது பெரும்பாடு.

6. ஏரி, நாள், நேரம்

கடலை விட ஏரியில் சோதிப்பது மேல். ஏரியில் நீரோட்டம் இல்லை. கைப்பேசி காட்டும் பாதையும் தண்ணீரின் மீது படகு போன பாதையும் ஒன்றே. கடலில் எது காற்றால் நழுவியது, எது ஓட்டத்தால் போனது என்று பிரிக்கவே தனிக் கணக்கு வேண்டும். ஆனால் மதகு திறந்திருக்கும்போதும் கலங்கல் வழிந்து ஓடும்போதும் அதன் அருகே போகவே கூடாது. கணக்கு கெடுவது ஒருபுறம், உயிருக்கே ஆபத்து.

அகலமான, திறந்த நீர்ப்பரப்பு வேண்டும். காவேரிப்பாக்கம் ஏரி நிறைந்திருக்கும் காலத்தில் இதற்கு ஏற்ற விரிவு உண்டு. மோர்தானா அணையில் தண்ணீர் அழகு, ஆனால் மலைகளுக்கு நடுவே காற்று நிமிடத்துக்கு ஒரு திசையில் புரளும். ஒப்பிடும் சோதனைக்கு உதவாது. ஏலகிரியின் புங்கனூர் ஏரி சிறியது, உல்லாசப் படகுகளும் நடுவில் வரும். சாத்தனூர் அணையில் முதலைகள் உண்டு, கவிழ்த்துப் பார்க்கும் படி இருக்கும் ஒரு சோதனைக்கு அங்கே போகாதீர்கள். எந்த ஏரியானாலும் நீர்வளத்துறையிடமும் மீன் குத்தகை எடுத்தவரிடமும் கேட்டுவிட்டே படகை இறக்குங்கள். செவுள் வலை எங்கே கட்டியிருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும், அதைக் கிழித்தால் நட்டமும் அவருக்குத்தான்.

வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு, தை, மாசியில் ஏரியில் தண்ணீர் இருக்கும், காற்றும் அளவாக இருக்கும். ஆடிக்காற்றில் வேண்டாம். அம்மி பறக்கிறதோ இல்லையோ, கயாக் பறக்கும். அதிகாலையில் தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும். அந்த நேரத்தைக் கரையோர வேலைக்கு வைத்துக்கொண்டு, காற்று எழுந்தபின் ஓட்டம் தொடங்குங்கள். கரைப் பனைகளின் ஓலை விடாமல் சலசலத்து, தண்ணீரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரை தெரியத் தொடங்கினால் அளவான காற்று. நுரை எங்கும் பரவிவிட்டால் அன்றைக்குப் பழைய பலகையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கரையின் மறைவில் அளக்க வேண்டாம். ஆறு மீட்டர் உயரக் கரை என்றால் அதன் மறைவில் அறுபது மீட்டருக்கு அப்பாலும் காற்று கலங்கியே இருக்கும்.

7. அடி ஆழம்

புதிய பலகை இறங்கினால் என் படகுக்கு 72 சென்டிமீட்டர் தண்ணீர் வேண்டும். பத்திரத்துக்கு 120 என்று வைத்துக்கொள்கிறேன். மூங்கில் கழியில் அந்த அளவில் ஒரு துணியைக் கட்டி, பலகை இறக்காமல் துடுப்புப் போட்டு, ஓடப்போகும் பாதை முழுக்கக் குத்திப் பார்க்க வேண்டும்.

நம் ஏரிகளின் அடியில் வண்டல் மட்டும் இல்லை. வறண்ட வருடங்களில் முளைத்த வேலிக்காத்தான் தண்ணீருக்கடியில் அப்படியே நிற்கும். "தம்பி, அந்தப் பக்கம் போகாதே, அடியில் முள்மரம் நிற்கிறது" என்று பரிசலில் வந்த பெரியவர் ஒருவர் சொன்னார். சரி ஐயா என்று தலையாட்டிவிட்டு, கழி ஒன்றும் தட்டவில்லையே என்று பத்து மீட்டர் தள்ளிப் போனேன். தட்டியது கழியில் இல்லை, பலகையில். கீல் வைத்த பலகையானால் அடிபட்டதும் பின்னால் மடங்கும். டேகர்போர்டு மடங்காது, அடி முழுவதும் பெட்டியின் பின்சுவருக்குப் போகும். என் பெட்டியில் ஒரு விரல் நீள விரிசல். அன்றிலிருந்து பெட்டியின் பின்சுவரில் இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு ரப்பர் வைக்க இடம் விட்டுத்தான் பெட்டி கட்டுகிறேன். உள்ளூர்க்காரர் சொன்னால் கழியைவிட அவரை நம்புங்கள்.

8. கரையோரம் கவிழ்த்துப் பாருங்கள்

மார்பளவு தண்ணீரில், முள் இல்லாத இடத்தில், பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் பலகையை முழுதும் இறக்குங்கள். முதலில் பெட்டியின் ஓரங்களில் தண்ணீர் கசிகிறதா பாருங்கள். படகுக்குள் உலர்ந்த செய்தித்தாளை விரித்தால் கசிவு எங்கே தொடங்குகிறது என்று உடனே தெரியும்.

பிறகு படகின் நடுவில் கை வைத்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள். அணியம் (படகின் முன்பக்கம்) மட்டும் விலகினால் பலகை பின்னால் தள்ளி இருக்கிறது. அமரம் (பின்பக்கம்) மட்டும் விலகினால் முன்னால் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து கனத்து நகர வேண்டும். இதைக் குத்துமதிப்பாகக் குறித்துக்கொண்டால் போதும், பதினொன்றாம் படியில் திரும்ப வருவோம்.

இனி கவிழுங்கள். பலகை நழுவி வெளியேறுகிறதா? சிவப்புக் கோட்டுக்குள் கால் வைத்து நிமிர்த்த முடிகிறதா? நடுவில் எங்காவது முறியும் சத்தம் வருகிறதா? மூன்று முறை செய்யுங்கள். முதல் முறை எல்லோருக்கும் சரியாக வந்துவிடும். கை சோர்ந்த மூன்றாவது முறைதான் உண்மையைச் சொல்லும்.

9. முதல் ஓட்டம் பழைய பலகையோடு

காற்று வரும் திசையில் 150 மீட்டர் இடைவெளியில் இரண்டு மிதவைகளை நிறுத்துங்கள். பழைய பலகையை இறக்கி, கீழ் மிதவையிலிருந்து மேல் மிதவைக்குக் காற்றை எதிர்த்துக் கோணல்மாணலாக ஏறுங்கள். நேரத்தைக் குறியுங்கள். எத்தனை முறை திருப்பினீர்கள் என்பதையும் குறியுங்கள்.

நழுவலை அளக்க ஜி.பி.எஸ். வேண்டும் என்பதில்லை. கோணமானியை அமரத்தில், படகின் நடுக்கோட்டோடு பொருந்துமாறு ஒட்டி, அதன் மையத்திலிருந்து மீன்பிடி நரம்பைப் பின்னால் விடுங்கள். நழுவாத படகில் நரம்பு நேர் பின்னால் கிடக்கும். நழுவும் படகில் காற்று வரும் பக்கமாக விலகும். அந்த விலகல்தான் நழுவல் கோணம். அமரத்தில் சுக்கானின் சுழிப்பு கலக்காமலிருக்க நரம்பு நீளமாக இருக்க வேண்டும், அதற்குத்தான் பதினைந்து மீட்டர்.

கோணம் சிறியதுதானே என்று எண்ண வேண்டாம். பத்து டிகிரி நழுவினால் 100 மீட்டர் ஓட்டத்தில் 17 மீட்டர் பக்கமாகப் போய்விடுகிறீர்கள். ஐந்து டிகிரி என்றால் 9.

வலப்பக்கக் காற்றில் நான்கு, இடப்பக்கக் காற்றில் நான்கு என எட்டு அளவு எடுத்துச் சராசரி பாருங்கள். கோணமானியைச் சற்றே கோணலாக ஒட்டியிருந்தால் ஒரு பக்கம் கூடும், மறுபக்கம் குறையும், சராசரியில் கழிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் அளந்துவிட்டு மகிழ்ந்தவர்கள் பலர்.

10. புதியது, மறுபடி பழையது, மறுபடி புதியது

வேறெதையும் தொடாமல் பலகையை மட்டும் மாற்றுங்கள். பாயின் இறுக்கம், நீங்கள் உட்காரும் இடம், தண்ணீர் பாட்டில் வரை எல்லாம் அப்படியே. "கூடவே பாயையும் கொஞ்சம் சரிசெய்துவிட்டேன்" என்ற ஒரு வாக்கியம் ஒரு நாள் உழைப்பை அழித்துவிடும்.

பழையது காலையில், புதியது மதியம் என்று பிரிக்காதீர்கள். காலைக்காற்றும் மதியக்காற்றும் ஒன்றல்ல. பழையது, புதியது, பழையது, புதியது என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். இரண்டு பழைய ஓட்டங்களின் நேரங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம், பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தால் அன்றைய காற்று உங்களைச் சோதித்திருக்கிறது, நீங்கள் பலகையைச் சோதிக்கவில்லை. இன்னொரு நாள் வாருங்கள்.

எனக்கு நழுவல் 10 டிகிரியிலிருந்து 6-க்கு வந்தது. ஆனால் முதல் இரண்டு புதிய ஓட்டங்களில் ஒன்றுமே குறையவில்லை. தவறு கையில் இருந்தது. திருப்பியவுடன், வேகம் எடுக்கும் முன்பே, படகின் மூக்கைக் காற்றுக்குள் நுழைக்கப் பார்த்தேன். வேகமில்லாத பலகையில் தண்ணீர் ஓடுவதில்லை; ஓடாத தண்ணீர் பிடிப்புத் தராது. திருப்பியபின் ஐந்தாறு விநாடி மூக்கைச் சற்று விலக்கி, பாயைத் தளர்த்தி, வேகம் வந்தபின் மெல்ல ஏறுங்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் புதிய பலகை உதவவில்லை என்று திருப்பிக் கொண்டுவருவது பெரும்பாலும் இந்த ஐந்து விநாடியால்தான்.

ஆழமான பலகையில் படகு அதிகம் சாயும். விசை கீழே இறங்கிவிட்டது, நெம்புகோல் நீண்டுவிட்டது. காற்று வலுத்தால் பலகையை ஒரு சாண் தூக்கிப் பாருங்கள். நழுவல் சற்றுக் கூடும், சாய்வு குறையும், பல நேரம் படகு முன்னைவிட வேகமாகவே போகும்.

11. சுக்கான் என்ன சொல்கிறது

அளவான காற்றில் ஏறும்போது சுக்கான் பிடியை இரண்டு விநாடி விட்டுப் பாருங்கள். படகு மெதுவாகத் தானே காற்றை நோக்கித் திரும்ப வேண்டும். இது நல்லது, நீங்கள் தவறி விழுந்தால் படகு காற்றுக்குள் திரும்பி நின்றுவிடும். காற்றை விட்டு விலகி ஓடினால் உடனே திருத்த வேண்டும், ஏனென்றால் விழுந்த உங்களை விட்டுவிட்டு அது போய்விடும்.

விலகி ஓடினால் பாய்மரத்தின் உச்சியைச் சற்றுப் பின்னால் சாயுங்கள், அல்லது பலகையின் நுனி முன்னால் போகுமாறு பெட்டியின் மேல் வாயில் ஆப்பு வையுங்கள். காற்றுக்குள் மிக வேகமாகத் திரும்பி, சுக்கானைக் கை வலிக்கப் பிடிக்க வேண்டியிருந்தால் இதற்கு நேர்மாறு. ஒரு தடவைக்கு ஒரு சென்டிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம்.

12. காற்றோடு திரும்பி வரும்போது

இங்கே நழுவல் என்ற பேச்சே இல்லை, பலகை வெறும் இழுவை. பாதிக் கோடு வரை தூக்குங்கள். முழுதும் தூக்கினால் படகு இடுப்பில்லாமல் உருளும், கழியும் இடிக்கும்.

வேகம் கூடும்போது பலகை "ம்ம்ம்" என்று முரலலாம். பின்விளிம்பில் தண்ணீர் மாறி மாறிச் சுழித்துப் பிரிவதால் வரும் சத்தம் அது. பலகை உடைவதற்கான அறிகுறி இல்லை. எந்த நிலையில் முரல்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

13. கரைக்கு வந்ததும்

பலகையை உடனே உறையில் போட்டுக் கட்டாதீர்கள். முதலில் எடை. காலையில் இருந்ததைவிடக் கூடியிருந்தால், ஓடும்போது எங்கோ தோல் பெயர்ந்திருக்கிறது. முன்விளிம்பில் விரல் நகத்தை மேலிருந்து கீழ் ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத வெட்டு நகத்தில் தட்டும். பெட்டியின் நான்கு கீழ் மூலைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். முடியளவு கோடு தெரிந்தால் அதன் இரு முனைகளையும் பென்சிலால் குறித்து, தேதி எழுதுங்கள். அடுத்த முறை கோடு குறியைத் தாண்டியிருந்தால் பெட்டியைப் பிரித்துக் கட்ட வேண்டியதுதான்.

முரலல் இருந்தால் பின்விளிம்பின் ஒரு பக்கத்தை மட்டும் 180 எண் உப்புத்தாளால் சற்றுச் சரிவாக்குங்கள், முப்பது டிகிரி அளவில். இரு பக்கச் சுழிப்பும் சமமாக இல்லாமல் போனால் முரல் அடங்கும். சரிவாக்கிய இடத்தில் மரம் வெளியே தெரிந்தால் அன்று மாலையே எப்பாக்ஸி ஒரு பூச்சு. அது காய்ந்ததும் பலகையைச் சுவரில் சாய்த்து வைக்காமல் படுக்கையாக வையுங்கள். வேலூர் வெயிலில் சாய்த்து வைத்த பலகை ஒரே கோடையில் வளைந்துவிடும்.